ஆறு கம்பிகளின் கூரை

1997ஆம் ஆண்டு. கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் அலுவலகத்தில் கட்டடப் பொறியியலாளராக இருந்த அருந்ததிக்கு, ஒருகொடவத்தைக் களஞ்சியமொன்றின் வேலை வந்தது. லொறிகள் சாமான் இறக்கும் இடத்துக்கு மேலே, சுவரிலிருந்து நீட்டி நிற்கும் கூரை. அதைத் தாங்கும் சட்டத்தைப் பத்து இரும்புக் கம்பிகளில் வரைந்தாள். பிறகு, இன்னும் குறைந்த இரும்பில் முடியுமா என்று கணினியில் மூன்று முறைகளைச் சோதித்தாள்.

முதல் இரண்டும் அவள் வரைந்ததையே பிடித்துக்கொண்டு கம்பிகளைக் கொஞ்சம் மெலிதாக்கின. மூன்றாவது, கண்ணை மூடிக்கொண்டு நூற்றுக்கணக்கான சட்டங்களைப் போட்டது, தேறியவற்றைக் கலந்து புதியவை செய்தது, மற்றவற்றை எறிந்தது. இரண்டு நாள் ஓடி நின்றபோது திரையில் ஆறே கம்பிகள். எடையில் மூன்றிலொரு பங்கு குறைவு. பிழையென்று நினைத்து மறுபடி ஓட்டினாள். அதே ஆறு.

பட்டறைக்காரர் மஷூர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நிக்குமா மிஸ்? பாதிக் கம்பியக் காணல்லயே."

"நிக்கும் எண்டு கணக்குச் சொல்லுது நானா. எனக்கும் நம்பிக்கையில்லை. ஒண்டு செய்து, உடைச்சுப் பாப்பம்."

பட்டறைச் சுவரில் சட்டத்தைப் பூட்டி, நுனியில் மண்மூட்டைகளைத் தொங்கவிட ஏற்பாடானது. இருபது மூட்டை தாங்கினால் போதும். முப்பதில் சுவரோரக் கீழ்க்கம்பி முதலில் வளையும் என்றது கணினி. அதை அருந்ததி சோக்கால் சுவரில் எழுதினாள்.

போர்க்காலம்; மண்மூட்டைகளைக் கண்டு பக்கத்து இராணுவச் சென்றியிலிருந்து சிப்பாய் ஒருவன் வந்தான். அவளுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, "மே மொனவத?" என்றான். இது என்னவென்று மஷூர் சிங்களத்தில் விளக்கினார். அட்டையைக் கையில் வைத்தபடியே அவனும் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான்.

இருபது தாங்கியது. இருபத்தைந்தும் தாங்கியது. முப்பதாவது ஏறியபோது எல்லாரும் கீழ்க்கம்பியையே பார்த்தார்கள். முப்பத்தோராவது மூட்டையில் இரும்பு மெல்ல முனகியது. சுவரோரக் கீழ்க்கம்பி, அந்த ஒரு கம்பி மட்டும், வில்லாக வளைந்தது.

"யா அல்லாஹ்!" என்றார் மஷூர்.

அருந்ததி சுவரில் தான் எழுதியதை மறுபடி வாசித்தாள். இரும்பையே கண்டிராத ஒன்று, அது எங்கே தளரும் என்று அறிந்திருக்கிறது. பதினொரு வருடம் வரைந்த கை அவளுடையது. இந்த ஆறு அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. சிப்பாய் அட்டையை நீட்டியதைக்கூட அவள் கவனிக்கவில்லை. மஷூர்தான் வாங்கி அவள் கையில் வைத்தார்.

இரண்டு மாதத்தில் கூரை ஏறியது. முதல் மழையன்று அருந்ததி போய்ப் பார்த்தாள். கீழே லொறியிலிருந்து கோதுமைமா மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள்தான் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து நின்றாள்.