வாசிப்பவன் நிறுத்தக் கூடாது

ஐந்தரைக்கு எழுந்திருப்பேன். கிணற்றில் இரண்டு குடம் இறைப்பேன். வெள்ளைத் துணியை நாலாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டித் தண்ணீரை வடிகட்டுவேன். ஸ்டவ்வின் திரியைத் தூண்டிப் பால் வைப்பேன். அத்தை குளித்துவிட்டு வந்து பஞ்ச மந்திரம் சொல்லி முடிக்கும்வரை வீட்டில் பேச்சு இல்லை. பிறகு காபி. சவரம். எட்டரைக்கு இட்லி. ஒன்பதரைக்குச் சைக்கிளில் தாலுகா ஆபீஸ்.

அத்தை என்பது என் மாமியார் கனகவதி. என் மனைவி ஜினமதி இறந்த பிறகு போளூருக்குப் பக்கத்திலிருந்து வந்து என்னோடு இருக்கிறார். சாயங்காலம் நான் வந்ததும் பொழுது சாய்வதற்குள் தட்டு வைத்துவிடுவார். எங்கள் சமண நயினார் வீடுகளில் விளக்கு வைத்த பிறகு சாப்பிடுவதில்லை. கல்லூரி விடுதியில் நான் அதை விட்டிருந்தேன். இரவு பத்து மணிக்குப் பரோட்டா தின்றவன். ஜினமதிதான் மாற்றினாள். மேகம் மூடிச் சீக்கிரமே இருட்டத் தொடங்கிய ஒரு நாள் அடுக்குக் கேரியரோடு ஆபீஸ் வாசலுக்கே வந்து நின்றாள். ஹெட் கிளார்க் ஒரு வாரம் சிரித்தார்.

எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். மஞ்சள் காமாலை முற்றி வேலூரில் பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிறகு இல்லை.

அந்த வருஷம் பன்னீர்செல்வம் என்னை எழுத்துப் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனான். விடுதியில் என் அறைக்காரன். ஆரணியில் ஒரு டுடோரியலில் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை காலை அதன் மாடி அறை காலியாக இருக்கும். ஏழெட்டுப் பேர் கூடுவார்கள்.

"வந்து குந்துடா ஆதி. எழுதக்கூட வேணாம், கேட்டுகினு இரு. வூட்ல செவுத்தையே பாத்துகினு இருக்கறதுக்கு இது தேவல."

பட்டறையில் ஒரு விதி உண்டு. எழுதியதைப் பெயர் போடாமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட வேண்டும். கைக்கு வருவதை வேறொருவர் எடுத்து வாசிப்பார். வாசிப்பவன் நடுவில் நிறுத்தக் கூடாது. பன்னீர் விளக்குவான்: "உன் எழுத்த இன்னொருத்தன் வாயால கேளு. அது உன் குரலா, எங்கியோ சுட்டதான்னு அப்பத்தான் தெரியும்."

நான் மூன்று முறை எழுதினேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் தேவகி ஒன்றை வாசித்துவிட்டு, யார் எழுதியது என்று தெரிந்ததும் சொன்னாள்: "ஆதிராஜ் சார், கோச்சிக்காதீங்க. உங்க ஆபீஸ் ஜமாபந்தி நோட்டீஸ் மாதிரி இருக்குது. நான் ட்ரங்க் கால் போட்டுக் குடுக்கறப்போகூட இதவிட உருக்கமா பேசுவேன்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததாக நினைக்கிறேன்.

ஒருநாள் சேவூரிலிருந்து பன்னீரோடு சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில் இறங்கி வரப்பில் உட்கார்ந்தோம். யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். ஜினமதி இறந்தபோது நான் பக்கத்தில் இல்லை. கீழே போயிருந்தேன். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள். அவளே என்னை அனுப்பினாள். என்ன சொல்லி அனுப்பினாள் என்பதையும் சொன்னேன். அத்தையிடம் மட்டும் கூடவே இருந்ததாகச் சொல்லியிருக்கிறேன் என்றேன்.

"இது நம்மளோட இருக்கட்டும்டா," என்றேன்.

"நான் யாராண்ட சொல்லப் போறேன்," என்றான். என் தோளில் கையை வைத்திருந்தான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு, டின்னிலிருந்து என் கைக்கு டைப் அடித்த நாலு பக்கம் வந்தது. ஆரணியில் ஒரு நெசவாளி. அவன் மனைவி தறியில் உட்காருகிறாள். நன்றாகத்தான் இருந்தது. வாசித்தேன். இரண்டாம் பக்கத்தில் அவளுக்குக் காமாலை வந்தது. மூன்றாம் பக்கத்தில் ஜன்னலோரக் கட்டில், ஒரு கால் உடைந்து மஞ்சள் நூலால் கட்டிய மூக்குக் கண்ணாடி. அந்த நூலைக் கட்டியவன் நான்.

வாசிப்பவன் நிறுத்தக் கூடாது. நிறுத்தவில்லை. கணவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அவள் கடைசியாகச் சொல்கிறாள்: "இழை அறுந்தா முடிச்சுப் போட்டு நெய்யுங்க. எனக்கு வலிக்கல. உங்க கை என் கையில இருக்குது. அது போதும்."

அதையும் என் வாயால் வாசித்தேன்.

தேவகி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "இன்னிக்குத்தாங்க சார் உங்க குரலே கேட்டுது," என்றாள். எழுதியவர் யார் என்று கேட்டார்கள். பன்னீர் கை தூக்கினான். என்னைப் பார்க்கவில்லை.

மாடிப்படியின் கீழே அவனைப் பிடித்தேன்.

"எங்க வூட்ல ஏதுடா தறி?"

"ஆரணின்னு போட்டுட்டுத் தறி இல்லன்னா பத்திரிகைக்காரன் திருப்பி அனுப்பிடுவான்டா."

"நான் அவ கையப் புடிச்சிகினு இல்ல."

"அதான் புடிக்க வெச்சேன். உனக்கு நல்லதுதான் பண்ணேன். நீ சொன்னத அப்படியே எழுதியிருந்தா படிக்கறவன் உன்னக் காறித் துப்புவான்."

"எழுதாம இருந்திருக்கலாம்."

"நீதான் எழுதலியே."

"அனுப்பிட்டியா?" என்று கேட்டேன்.

"போன மாசமே," என்றான்.

நான் அதற்குப் பிறகு பட்டறைக்குப் போகவில்லை. தீபாவளி கழித்து ஒரு வாரப்பத்திரிகையில் கதை வந்தது. தலைப்புக்குக் கீழே 'நண்பன் ஆதிராஜுக்கு' என்று போட்டிருந்தான். அதனால் ஊருக்குத் தெரிந்தது. ஆபீஸில் ஹெட் கிளார்க் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இழை அறுந்தா முடிச்சுப் போடணும் தம்பி," என்றார். பெண் பார்க்கட்டுமா என்று அதற்கு அர்த்தம். பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒருவர் அதையே சொன்னார்.

பக்கத்து வீட்டார் கதையை அத்தைக்கு வாசித்துக் காட்டி, பத்திரிகையையும் கொடுத்துவிட்டார்கள். அவர் அந்தப் பக்கங்களைக் கத்தரித்துத் தன் மந்திரப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

"தறி கிறியெல்லாம் கதைக்காகப் போட்டிருக்கான், போவட்டும். வலிக்கலன்னு சொன்னாளே, அது நெஜம்தானே மாப்ள?"

"ஆமாங்க அத்தை," என்றேன்.

அவருக்குக் கண்ணில் புரை. ஞாயிற்றுக்கிழமை காலை, நான் முன்பு பட்டறைக்குப் போன நேரத்துக்கு, எதிரில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்வார். பதினொரு ஞாயிறு வாசித்தேன். ஒவ்வொரு முறையும் கடைசி வரியில் கண்ணை மூடிக்கொள்வார். ஜினமதியின் குரல் எப்படி இருக்கும் என்று யோசித்தால் எனக்கு அந்த இழை வசனம்தான் கேட்கத் தொடங்கியிருந்தது. பன்னீர் என்னிடமிருந்து எடுத்தது அவள் குரலைத்தான்.

நேற்று பன்னிரண்டாவது ஞாயிறு. அத்தை முறத்தில் அரிசி வைத்து விரலால் தடவிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"ஒரு நிமிஷம் மாப்ள," என்றார். "இவ என் பொண்ணு இல்லியே. கால்ல முள்ளு ஏறுனாவே தெருவக் கூட்டுவா. அவளா வலிக்கலன்னு சொல்லுவா?"

நான் வாசிப்பதை நிறுத்தினேன். காகிதத்தை மடித்தேன்.

"நான் அப்ப பக்கத்துல இல்லீங்க அத்தை."

முறத்தில் அவர் விரல் நின்றது.

"கூடவே இருந்தேன்னீங்களே."

"பொய் சொன்னேன். இந்தக் கதை பன்னீரோட பொய். அத உங்களுக்குப் படிச்சுக் காட்டினது என்னோட பொய்."

முறத்தைக் கீழே வைத்தார். "தனியாவா போனா?"

"ஆமாங்க."

"நீங்க எங்க போனீங்க?"

"கீழ. அவதான் அனுப்பினா."

"இன்னா சொல்லி அனுப்பினா? அத சொல்லுங்க. கதையில இருக்கறது வேணாம்."

வரப்பில் உட்கார்ந்து சொன்ன பிறகு அதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னேன். அவள் சொன்ன மாதிரியே.

"பொழுது போவுது பாருங்க. ஜல்தி கீழ போய் சாப்டுட்டு வாங்க. என் மூஞ்சியையே பாத்துகினு நிக்காதீங்க, நான் எங்கியும் ஓடிட மாட்டேன்."