விளிம்பில் இருந்த பெயர்

பல் டாக்டருக்குப் பழைய போர்ப் பதக்கங்கள் என்றால் உயிர். கறுத்துப்போன ஒன்று கைக்கு வந்துவிட்டால், செயற்கைப் பல்லுக்கு மெருகேற்றும் சக்கரத்தில் கொடுத்துப் பளபளவென்று ஆக்கும்வரை அவருக்கு இருப்புக்கொள்ளாது. "கறுப்பைத் தொடாதீங்க டாக்டர், அதுதான் அதோட வயசு" என்று மற்ற சேகரிப்பாளர்கள் தலைபாடாக அடித்துக்கொண்டார்கள். "அழுக்குக்கு என்னய்யா வயசு?" என்று சிரித்தே அவர்கள் வாயை அடைத்துவிடுவார்.

ஒருநாள் காலை, எழுபதைத் தாண்டிய அம்மாள் ஒருத்தி கிளினிக்குக்கு வந்தாள். முறை வந்ததும் நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே பேசினாள்.

"பல்வலி இல்லீங்க சார். எங்கப்பாவோட மெடல் உங்ககிட்ட இருக்குன்னு பழைய சாமான் கடைக்காரர் சொன்னாரு. வீடு மாத்தறப்ப பெட்டியோட தொலைஞ்சுபோச்சு. ஓரத்துல அவர் பேரு இருக்கும்."

அப்பா போருக்குப் போனபோது அவள் தாய் வயிற்றில் மூன்று மாதம். அவர் திரும்பவில்லை. உடலும் வரவில்லை. ஒரு படம்கூடக் கிடையாது.

அந்தக் கடையில் வாங்கிய பதக்கத்தை டாக்டர் போன வாரம்தான் சக்கரத்தில் கொடுத்திருந்தார். விளிம்பில் ஏதோ தேய்ந்த கீறல்கள் இருந்த ஞாபகம், படித்துக்கூடப் பார்க்கவில்லை. இப்போது அது வழவழவென்று மேசை டிராயரில், அவளுக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது.

"பேங்க் லாக்கர்ல இருக்கும்மா" என்று வாய் தானாகச் சொல்லிற்று. "நாளன்னிக்கு வாங்க, சும்மாவே தர்றேன். அப்பா பேரு என்ன?"

அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்.

"உண்மையைச் சொல்லிடுங்களேன்" என்றாள் மனைவி, வீட்டில்.

"என்னன்னு சொல்ல? உங்கப்பாவைத் தேய்ச்சு அழிச்சுட்டேன்னா?"

மறுநாள் கிளினிக்கைச் சாத்திக்கொண்டு, பல் குடையும் ஊசியால் அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகப் பொறித்தார்.

சொன்ன நாளில் அவள் வந்தாள். கைக்குட்டையில் விரல்களைத் துடைத்துக்கொண்டு விளிம்பைத் தடவினாள். பாதியில் விரல் நின்றது.

"இது இல்லீங்க சார்."

"நல்லாப் பாருங்கம்மா. பேரு சரியாத்தானே இருக்கு?"

"சரியா இருக்கே, அதான். எங்கப்பா மெடல்ல பேருக்கு நடுவுல ஒரு எழுத்தை விட்டுட்டாங்க. செத்த மனுஷன் பேரைக்கூட முழுசா எழுதலையேன்னு அம்மா ஆயுசு பூரா அந்த எடத்தையே தடவிட்டிருப்பாங்க. இது அதே பேருள்ள வேற யாரோ. அவங்க வீட்லயும் தேடுவாங்க, பத்திரமா வைங்க."

டாக்டர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்: சக்கரம், ஊசி, லாக்கர் பொய், ஒன்று விடாமல். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"என் மனசு நோகக் கூடாதுன்னு, இதுதான் எங்கப்பாவோடதுன்னு சொல்றீங்க. புரியுது சார்."

அவர் அவள் எதிரிலேயே கடைக்காரருக்குப் போன் போட்டார். "உங்களுக்குக் கொடுத்தது அந்தம்மாவோட பெட்டியில வந்ததா, வேறயான்னு எனக்கே நிச்சயமா தெரியாதே டாக்டர்" என்றார் அவர். பதக்கத்தை மேசைமேல் வைத்துவிட்டு, மாடிப்படிக் கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள் அவள்.

இப்போதும் வாரம் ஒரு தடவை அந்தக் கடைக்கு வருகிறாளாம். எல்லாப் பதக்கங்களின் விளிம்பையும் தடவிப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போகிறாளாம்.