மேஸ்திரியின் கழுத்துப்பட்டை

அந்தப் பூனைக்கு மேஸ்திரி என்று பெயர் வந்தது சும்மா இல்லை. வீட்டில் யார் என்ன வேலை செய்தாலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும். தான் மட்டும் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடாது. ஒன்பது வயது மகள் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள். போன வருடம் அப்பா இறந்தபின் ஒரு மாதம் அவள் வாயே திறக்கவில்லை. முதல் பேச்சு பூனையிடம்தான். அன்றிலிருந்து அம்மாவும் மேஸ்திரி பாலில் வாய் வைத்தால்கூட ஒன்றும் சொல்வதில்லை.

உயரமான கட்டடங்களில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைக்கிறவர்களின் இடுப்புப் பட்டைகளைத் தைப்பது அம்மாவின் வேலை. இரண்டு பட்டையும் சேருமிடத்தில் ஒரு கட்டம், கட்டத்துக்குள் குறுக்கும் மறுக்குமாக இரண்டு கோடு, பிறகு எல்லாவற்றின் மேலும் இன்னொரு சுற்று. தைத்த பட்டையில் இரண்டு மூட்டை சிமென்ட்டைக் கட்டித் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். பதினொரு வருடத்தில் அவள் தைத்ததில் ஒரு நூல் விட்டதில்லை. அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு. இருக்கத்தான் வேண்டும், மனுஷ உயிர் அதில் தொங்குகிறதே.

குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை 'செல்லப்பிராணிகள் பாராட்டு நாள்' என்று அறிவித்தார் மைக் மாமா. யார் வீட்டுப் பிறந்தநாளென்றாலும் மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிற மனிதர். ஒரே நிபந்தனை: பிராணிகள் போட்டிருப்பதெல்லாம் வீட்டிலேயே செய்ததாக இருக்க வேண்டும்.

"நம்ம மேஸ்திரிக்கு என்னம்மா?" என்று மகள் பிடுங்கியெடுத்தாள்.

பட்டறையில் மிஞ்சிய சிவப்புப் பட்டைத் துண்டு ஒன்றை அம்மா கொண்டுவந்தாள். அதில் கழுத்துப்பட்டை, முன்னால் பெரிய பூ முடிச்சு. கடையில் வாங்கிய பட்டைகளை மேஸ்திரி மூன்று முறை கழற்றி எறிந்திருந்தது. "கொக்கி வச்சாத்தானே கழட்டுவே?" என்று சொல்லி, மகள் மடியில் அது தூங்கும்போது, பட்டறை நூலால் பட்டையின் இரண்டு முனைகளையும் கழுத்திலேயே சேர்த்துத் தைத்து முடித்தாள். அதே கட்டம், அதே குறுக்குக் கோடு, அதே இரண்டாம் சுற்று. இரண்டு விரல் போகிற அளவுக்குத் தளர்வு விட்டாள். கைக்குப் பழகிய வேலை. வேறு மாதிரி தைக்கலாம் என்று அவளுக்குத் தோன்றக்கூட இல்லை.

காலை பத்து மணிக்கு மைதானத்தில் ஒரே அமளி. அட்டையில் பிடரி மயிர் வெட்டிச் சிங்கமாக்கிய நாய், கம்பளிக் குல்லா போட்ட முயல், சட்டை மாட்டிய ஆமை. மேஸ்திரியைப் பார்த்துக் கைதட்டாதவர் இல்லை. மகள் முகத்தில் ஒரு வருடமாகக் காணாமல் போயிருந்த சிரிப்பை அம்மா கண்ணால் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து மைக் வீலென்று கத்தியது, சிங்கம் குரைத்துக்கொண்டு பாய்ந்தது. மகளின் கையைப் பிறாண்டிவிட்டு மேஸ்திரி மதிலேறி மறைந்துவிட்டது.

"பசிச்சா வந்துரும், விடு" என்றாள் அம்மா. பேச வந்திருந்த கால்நடை டாக்டரும் அதையேதான் சொன்னார். "கழுத்துல பட்டை இருக்குல்ல? இழுத்தா அவுந்துக்கிற மாதிரிதானே?"

"அவுறாது சார். நான் தச்சது" என்றாள், பெருமையாகவே.

டாக்டரின் முகம் மாறியது. "அம்மா, பூனை சந்து பொந்தெல்லாம் நுழையும். எங்கயாவது மாட்டிக்கிட்டா பட்டை தானா விட்டுரணும். விடலன்னா அதுவே தூக்குக் கயிறு. சீக்கிரம் தேடுங்க."

இரண்டு மூட்டை சிமென்ட்டைத் தாங்குகிற தையல், நாலு கிலோ பூனைக்கு எங்கே விடப்போகிறது?

குடியிருப்பையே சல்லடை போட்டுத் தேடினார்கள். வண்டிகளின் அடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே. கூப்பிட்டுக் கூப்பிட்டு மகளுக்குத் தொண்டை கட்டிப்போனது. மத்தியானம் யாரும் சாப்பிடவில்லை. அம்மா ஒவ்வொரு வேலிக் கம்பியையும் பார்க்கும் முன் கண்ணை மூடித்தான் திறந்தாள். கடவுளே, என் தையல் ஒன்றே ஒன்று இன்றைக்குப் பிரிந்து போகட்டும் என்று வேண்டிக்கொண்டாள். பதினொரு வருடத்தில் அவள் கேட்காத வரம்.

நாலு மணிக்குப் பின்பக்கத்திலிருந்து ஒரு கதறல் கேட்டது. பூனைக் குரல் என்றே சொல்ல முடியாது. மூன்றாம் மாடியில், ஏசி பெட்டியைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தில் பட்டை மாட்டி மேஸ்திரி தொங்கிக்கொண்டிருந்தது. பின்னங்கால்கள் சுவரைப் பிறாண்டின.

அது எதிர்வீட்டு அக்காவின் வீடு. அம்மா அங்கே ஓடி, சமையலறையிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு ஜன்னலில் ஏறினாள்.

"அக்கா, என் இடுப்பைப் புடிங்க!"

"விழுந்துருவடி!"

"புடிங்கக்கா!"

அக்கா கட்டிப் பிடித்துக்கொண்டாள். அம்மா வெளியே சாய்ந்தாள். கீழே மைக் மாமாவும் மகளும் இன்னும் இரண்டு பேரும் ஒரு போர்வையை விரித்து நாலு மூலையையும் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

இடது கையால் பூனையைத் தாங்கித் தூக்கிப் பார்த்தாள். பிரயோஜனமில்லை. துடித்துத் துடித்து அது சுழன்றதில் பட்டை முறுக்கி இறுகியிருந்தது. கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவில் கத்தி நுனிகூட நுழையவில்லை. அந்தத் தடித்த பட்டை சமையல் கத்திக்கு மசியாது, தையலைத்தான் அறுத்தாக வேண்டும். மேஸ்திரி அவள் மணிக்கட்டைக் கடித்தது. கடிடா, நல்லா கடி என்று அழுதாள். மேல் சுற்று அறுந்தது. அடியில் கட்டம், பத்திரமாக இருந்தது. ஒரு பக்கம் அறுத்தாள், இரண்டாம் பக்கம் அறுத்தாள். நூல் வழுக்கியது. பாவி, ஏன்டி இத்தனை தையல் போட்டே? மூன்றாம் பக்கம் அறுக்கும்போது கடி தளர்ந்தது. நாலாம் பக்கம். இன்னும் குறுக்குக் கோடு இரண்டு பாக்கி இருந்தது. மணிக்கட்டிலிருந்து பல் தானாக விலகியபோது அவள் கத்தியை இன்னும் வேகமாக இழுத்தாள்.

பட்டை விட்டது. மேஸ்திரி அவள் இடது கையில் முழுசாக வந்து விழுந்தது. கதகதப்பாக இருந்தது. வயிறு ஏறவில்லை, இறங்கவில்லை. அசைத்துப் பார்த்தாள். வாயில் ஊதிப் பார்த்தாள். அக்கா பின்னாலிருந்து "வந்துருச்சா? வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அம்மா மறுபடியும் ஊதினாள்.

கீழே மகளுக்குத் தெரிந்ததெல்லாம், பட்டை அறுந்துவிட்டது, பூனை அம்மாவின் கையில் இருக்கிறது என்பதுதான். கட்டிப்போன தொண்டையோடு துள்ளித் துள்ளிக் கத்தினாள். போர்வையின் தன் மூலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"விடும்மா! பயப்படாத, நாங்க புடிச்சுக்குவோம்! விடு!"