ஃபைஸின் இருமல்

கைனாத் இருமும்போதெல்லாம் முனீரின் விரல் தஸ்பீஹ் மாலையின் மணியில் நின்றுவிடும். அடியாழத்திலிருந்து ஈரமாக இழுத்து, கடைசியில் சன்னமாக விசில் விட்டு அடங்கும் அந்த இருமல் பேத்தியுடையதே அல்ல. அவள் அண்ணன் ஃபைஸுடையது. அவனை அடக்கம் செய்து இரண்டு வருடம் ஆகிறது.

இரும்புலியூரில் முனீர் குடும்பத்துக்கென்று ஒரு மதிப்பு உண்டு. பெண் எடுப்பதும் கொடுப்பதும் சொந்தத்துக்குள்தான். மூத்த மகனுக்கு முனீரின் அக்கா மகள் அஜீசா. இளையவன் ரியாஸுக்குத் தங்கை மகள். மூத்தவனின் பிள்ளைகள் இருவருக்கும் நெஞ்சில் கோழை இறுகும் பிறவி நோய், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று தெரிந்தபோது, "வெளியே, ரியாஸ்கிட்டகூட, தூசி அலர்ஜின்னே சொல்லணும்" என்று உத்தரவு போட்டவர் முனீர்தான்.

பெருநாளுக்கு முந்தின வாரம் டாக்டர் ஜெரூஷா கைனாத்தின் கோழைப் பரிசோதனை முடிவை வைத்துக்கொண்டு அஜீசாவிடமும் முனீரிடமும் பேசினார்.

"புதுசா வர்ற கிருமி வாலை வச்சுக்கிட்டு நீந்தும், சண்டை போடும். இது வாலை விட்டுடுச்சு. வழவழப்பா ஒரு போர்வை போர்த்திக்கிட்டு மெதுவா குடித்தனம் பண்ணுது. இவ எடுத்துக்காத மருந்துக்கெல்லாம்கூட பழகியிருக்கு. இப்படி மாற வருஷக்கணக்காகும். லேப்ல ஃபைஸோட கிருமியை எடுத்து வச்சிருந்தோம். ஒப்பிட்டுப் பாத்தா ரெண்டும் ஒண்ணு. ஒரே நெபுலைசர் மெஷின்லயா மருந்துப் புகை இழுத்தாங்க?"

"மாமாவைக் கேளுங்க டாக்டர்," என்றாள் அஜீசா.

தனித்தனி மெஷின், தனித்தனி மாஸ்க் என்று அப்போதே சொல்லியிருந்தார்கள். இரண்டாவது மெஷின் வாங்கினால் மெடிக்கல் கடைக்காரன் பெண்பிள்ளைக்கும் நோய் என்று தெருவெல்லாம் சொல்லிவிடுவான் என்று முனீர் வாங்க விடவில்லை.

"நல்ல நெஞ்சை இது சீண்டாது," என்றார் டாக்டர். "இதே நோய் உள்ள இன்னொரு பிள்ளை பக்கத்துல மட்டும் இவளை விடாதீங்க."

ஆட்டோவில் அஜீசா ஒன்றே ஒன்று சொன்னாள்: "எம் பிள்ளை கபர்க்குழியில இல்ல மாமா. இவ நெஞ்சுல இருக்கான்."

பெருநாள் தொழுகை முடிந்து கூடத்தில் சஹன் வைத்தார்கள். பேரப்பிள்ளைகள் அந்தப் பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட வேண்டும். அது முனீர் வைத்த சட்டம். கேளம்பாக்கத்திலிருந்து ரியாஸின் கார் வந்து நின்றது. உள்ளே அவன் ஆறு வயது மகள் சஃபா இருமினாள். ஈரமான இருமல். 'நாள்பட்ட சளிதான், டெஸ்ட் வேண்டாம்' என்று அவனிடம் சொன்னவரும் முனீர்தான்.

அவர் வேகமாகப் போய் கேட்டின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டார்.

"ஈத் முபாரக் பாய்! பிரியாணி வாசனை எங்க வூடு வரைக்கும் வந்துடுச்சே!" என்று எதிர்வீட்டு தசரதன் குரல் கொடுத்தார். முனீர் திரும்பவில்லை.

"என்ன அத்தா, திறங்க. பிள்ளை பசியில இருக்கா," என்றான் ரியாஸ் தகப்பனிடம்.

"உள்ளே வராதே."

கூடத்தில் கைனாத் இருமினாள். சஃபா கம்பிகளுக்கு இடையே முகத்தை நுழைத்தாள். "தாதா, ஃபைஸ் அண்ணன் இருமுது! வந்துடுச்சா?"

முனீர் ரியாஸின் பக்கம் திரும்பினார்.

"ஃபைஸ் அலர்ஜியில சாகலை," என்றார். தெருவுக்கே கேட்டது. "பரம்பரை நோய். கைனாத்துக்கும் அதுதான். இவளுக்கும் இருக்கலாம். ஆஸ்பத்திரியில காட்டு. என் பேச்சைக் கேட்டுச் சும்மா இருந்துடாதே."

"மெதுவா பேசுங்க அத்தா, எல்லாரும் பாக்குறாங்க."

"பார்க்கட்டும். பிள்ளையைக் காருல ஏத்து."

கார் திரும்பி ஜிஎஸ்டி ரோடு பக்கம் போகும்வரை முனீர் கேட்டை விட்டு அசையவில்லை. பிறகு உள்ளே வந்து, பேரப்பிள்ளைகளின் சஹனில் தனியாக உட்கார்ந்திருந்த கைனாத்துக்கு எதிரே அமர்ந்தார். அவள் ஒரு வாய் எடுத்தாள். புரையேறி, அந்த விசில் வரும்வரை இருமினாள்.

"மெல்லச் சாப்பிடு, ஃபைஸ்," என்றார்.

யாரும் அவரைத் திருத்தவில்லை.