புரட்டாசி மாத்திரை

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சம்பத் காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சத்தம் கேட்டால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் இந்தப் பக்கம் சிவப்பு விளக்கு எரியும். முதலில் எரிந்தது. பிறகு நின்றுவிட்டது. டாக்டர் பத்மினி குமிழைத் திருகிக்கொண்டே இருந்தார். சம்பத் கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

அவன் மனைவி தாட்சாயணி விளக்கையே பார்த்தாள். விடிவதற்கு முன்பே இருவரும் நகரியில் பஸ் ஏறியிருந்தார்கள். கண் எரிந்தது.

"கீச்சுச் சத்தமெல்லாம் போகுதும்மா," என்றார் டாக்டர். "போன மாசம் கேட்டுச்சு."

சாதாரண மாத்திரைக்கு அடங்காத டிபி சம்பத்துக்கு. அதற்குத் தினம் ஓர் ஊசி. அந்த ஊசி கிருமியைக் கொல்லும். காதுக்குள் மயிர்போல நிற்கும் செல்களையும் கருக்கும். கருகினது திரும்ப முளைக்காது. இதை டாக்டர் ஆரம்பத்திலேயே சொல்லி, தண்ணீரில் கரைத்துக் குடிக்க ஒரு மாத்திரையும் கொடுத்திருந்தார். ஆன்டிஆக்ஸிடென்ட். கருகுவதைத் தடுக்கலாம், ஆனால் சத்தியம் பண்ண மாட்டேன் என்றார்.

தடா பக்கத்துக் கம்பெனியில் சம்பத் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். அந்தக் கம்பெனிகள் வந்த பிறகுதான் அவன் சனம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குக் குனிவதை விட்டது. உடம்பு தேறினால் வண்டி உனக்குத்தான் என்றிருந்தார் சூப்பர்வைசர். ஆனால் காது டெஸ்ட் உண்டு. பின்னால் வரும் வண்டியின் கீச்சொலி கேட்காதவனை உள்ளே விடமாட்டார்கள்.

"மாத்திரை தினம் குடிச்சாரா?"

"காலம்பற கரைச்சு வெச்சிட்டுத்தான் தறிக்குப் போறேன் மேடம். வந்து பாத்தா டம்ளர் காலி."

வெளியே வந்த சம்பத்திடம் டாக்டர் அதையே சத்தமாகக் கேட்டார். அவன் ஆமென்று தலையாட்டினான்.

"ஊசியை நிறுத்த முடியாது. அளவைக் குறைச்சுப் பாக்கலாம். மாத்திரையை விடாதீங்க."

திரும்பும் பஸ் முழுக்கப் பெருமாள் மலையில் முடி இறக்கிச் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். ரேணிகுண்டா தாண்டியதும் தாட்சாயணி அவன் காதருகே குனிந்தாள்.

"நெசமா குடிச்சியாய்யா?"

"இன்னா?"

மறுபடி கேட்டாள்.

"குடிக்கல!"

முன்சீட்டு மொட்டை திரும்பிப் பார்த்தார்.

"ஏன் கத்துறே? மெதுவா பேசு," என்றாள் தாட்சாயணி.

"மெதுவாத்தான் பேசிக்கினு கீறேன். அது கூமுட்டை நாத்தம் நாறுது தாட்சா. நீ எனக்கோசரம் பெருமாளுக்கு வேண்டிக்கினு புரட்டாசி பூரா ஊட்டுல கவுச்சி சேக்கல. டாக்டரு துன்னச் சொன்ன முட்டையவே நிறுத்திட்டே. அத்தக் குடிச்சா உன் வேண்டுதலு இன்னாவறது? கறிவேப்பிலைச் செடிக்கு ஊத்திட்டேன்."

"அப்ப செடிக்கு நல்லா காது கேக்கும்," என்றார் மொட்டை.

பஸ் சிரித்தது. எதற்கென்று தெரியாமல் சம்பத்தும் சிரித்தான்.

தாட்சாயணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த நாற்றம் அவளுக்கும் தெரியும். தினம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கரைத்தாள். மருந்து மருந்துதான், முட்டை இல்லை என்று ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் வேண்டுதலை அவன் காப்பாற்றியிருந்தான். குடித்திருந்தால் காது தப்பியிருக்குமா? டாக்டரே சத்தியம் பண்ணவில்லை. இனி அது யாருக்கும் தெரியாது.

மறுநாள் சனிக்கிழமை. பெருமாள் படத்துக்குத் துளசி வைத்துவிட்டு மாத்திரையைத் தண்ணீரில் போட்டாள். நுரைத்தது. நாற்றம் வீட்டில் பரவியது.

சம்பத் படத்தைப் பார்த்தான். "சனிக்கெழம," என்றான்.

அவள் டம்ளரை எடுத்து ஒரு மிடறு குடித்தாள். குமட்டியது. விழுங்கினாள்.

"பெருமாளு மோந்து பாக்கட்டும். மொதல்ல என் வாய மோந்து பாக்கட்டும்."

"இன்னா?"

டம்ளரை அவன் உதட்டருகே கொண்டுபோனாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு வாங்கிக்கொண்டான்.

பக்கத்துத் தெருவில் தறிகள் ஓடத் தொடங்கிவிட்டன. டம்ளர் காலியாகும்வரை அவள் நின்றாள்.