தானாக மீண்ட தெரு

எங்கள் ஊரில் கணினி திடீரென்று நின்றுபோனால், அதில் சேமிக்காமல் விட்ட தெருக்கள் காணாமல் போய்விடும். சேலத்துக்குத் தெற்கே ஒரு சின்ன நகராட்சி எங்களுடையது. தெருக்களின் எக்செல் கோப்பு என் பொறுப்பு. ஏதாவது தெரு போனால் பழைய பிரதியைத் தேடி எடுத்து வரிசை வரிசையாக ஒட்டுவேன். தெரு வந்துவிடும்.

அன்று காலை எனக்கும் என் மனைவி தில்லைநாயகிக்கும் சண்டை. அவள் தம்பி கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு அலுவலகம் வந்தேன். மனசு கேட்கவில்லை. மதியம் போன் செய்து, வருகிறேன் என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமுங்க" என்றாள்.

திரை கறுத்தது. போனில் சத்தமே இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எங்கள் வீடு இருந்த தெருவைக் காணோம்; அதன் இரண்டு பக்கமும் இருந்த தெருக்கள் சுவரோடு சுவராக ஒட்டி நின்றன. தபால்காரர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

பக்கத்து மேஜை யாகூப் அந்த வாரம்தான் ஒரு நிரல் எழுதிப் போட்டிருந்தான். கணினி மறுபடி எழுந்ததும் அதுவே பிரதியைத் தேடித் தெருவை மீட்டுவிடும்.

"பதறாதீங்க சார், ஓட ஆரம்பிச்சிடுச்சு."

"எந்தப் பிரதியை எடுக்குது?"

அவன் குனிந்து பார்த்தான். "காலையில சேமிச்சதை, சார்."

"நிறுத்து."

"நிறுத்தினா தெருவே வராது சார்."

திரையில் பச்சைக்கோடு நகர்ந்தது. வெளியே முதலில் ஒரு நாய் வந்தது, பிறகு குழாய், பிறகு எங்கள் வீட்டுக் கூரை.

ஓடினேன். தில்லைநாயகி சிவந்த கண்களோடு பெட்டியில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கல்யாணத்துக்கு வர்றேன், தில்லை" என்றேன். மதியம் சொன்ன அதே வார்த்தைகள். அவள் சிரிக்கவில்லை.

"போன்ல என்னமோ சொல்ல வந்தியே?"

"எப்பங்க? நீங்க போன் பண்ணவே இல்லையே."

பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து பேசினேன். மதியம் தேவைப்படாத மன்னிப்பையும் கேட்டேன். நெடுநேரம் கழித்து அவள் கை பெட்டியை விட்டு விலகியது.

"சரி, போய் பின்கதவைச் சாத்துங்க. கடல் காத்து உள்ள வருது, துணியெல்லாம் பிசுபிசுங்குது."

எழுந்து போனேன். காலையில் வேலி இருந்த இடத்தில் கடல்; யாகூபின் நிரல் ஏதோ ஒரு வரிசையை மாற்றி ஒட்டியிருந்தது. அலை, துணி துவைக்கிற கல்லைத் தாண்டியிருந்தது. கொடியில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன்.