ஒட்டும் உறவும் ஒரு முடிவெட்டும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் அண்ணனின் பிடரியில் பிறந்தது. அங்கே ஒரு சிவப்புப் பட்டையைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் நான் எழுத உட்கார்ந்துவிடுவேன். முதலில் எழுதிய தொடக்கம் இது:

"ஊதா ஒளி வெள்ளத்தில் அவன் ஒரு தேவனைப் போல..."

[அடித்துவிட்டேன். அண்ணன் பெயிண்டர். ஆஸ்பத்திரி ஒளிப்பெட்டிக்குள் கறுப்புக் கண்ணாடியும் பழைய அரைக்கால் சட்டையுமாக நிற்பவனைப் பார்த்தால் தேவன் நினைவுக்கு வருவதில்லை.]

2

அண்ணனுக்கு ரத்தப் புற்றுநோய். என் ஸ்டெம் செல்களை எடுத்து அவனுக்கு ஏற்றினார்கள். "ஒட்டு பிடிச்சிடுச்சு" என்றார் டாக்டரம்மா. அதற்கு முந்தைய வருஷம்தான் என் வீட்டுச் சுவருக்கு நான் கேட்ட மஞ்சளா, அவன் சொன்ன இளம்பச்சையா என்று சண்டை வந்து, "இனிமே உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல" என்று கத்திவிட்டுப் போயிருந்தான். இப்போது இரண்டும் அவன் எலும்புக்குள்ளேயே குடியேறிவிட்டன.

ஆனால் என் செல்கள் என் செல்கள்தானே. கொஞ்ச நாளிலேயே அவன் தோலை யாரோ அந்நியன் என்று நினைத்துத் தாக்க ஆரம்பித்தன. உடம்பெல்லாம் தடிப்பு, அரிப்பு.

"உன் செல்லு உன்ன மாதிரியே இருக்குடி. புகுந்த இடத்துலயும் வாய் அடங்கல."

"உன் தோலு என்ன வம்பு பண்ணுச்சோ, அத மொதல்ல சொல்லுண்ணா."

அந்தச் சண்டையை விலக்கிவிடத்தான் புற ஊதாக் கதிர். (வெயிலில் தலைகாட்டாதே என்று திட்டிய அதே டாக்டரம்மா, வெளிச்சத்தை அளந்து கொடுக்கும் பெட்டிக்குள் நிற்கச் சொன்னார். கதைக்கு முரண் வேண்டும் என்று நான் சேர்த்தது இல்லை இது.) நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினார்கள். தடிப்பு அடங்கியது. மாத்திரை குறைந்தது. இப்படியே போனால் வேலைக்குப் போகலாம் என்றார்கள்.

3

அப்போதுதான் அந்தப் பட்டை.

அந்தத் தோல் நோய்தான் திரும்பிவிட்டதோ என்று இருவருக்கும் ஒரே நினைப்பு. திரும்பியிருந்தால் மாத்திரை மறுபடி ஏறும், வேலை கனவாகிவிடும். [இங்கே நீளமாக ஓர் உவமை இருந்தது. எடுத்துவிட்டேன். பயந்தேன், அவ்வளவுதான்.]

பிடரியைக் கைப்பேசியில் படம் எடுக்கச் சொன்னான். பெரிதாக்கிப் பார்த்தான்.

"மேல் ஓரத்தப் பாரு. டேப் ஒட்டி பெயிண்ட் அடிச்ச மாதிரி இருக்கு. நோய் இவ்வளவு நேரா கோடு போடாதுடி."

எனக்கு உறைத்தது. மருந்தில் கொட்டிய முடி மறுபடி வளர்ந்து பிடரியை மூடியிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் போய் ஒட்ட வெட்டிக்கொண்டவன், நேராகப் பெட்டிக்குள் போய் நின்றிருக்கிறான். மற்ற தோல் பழகிப் பழகி வாங்கிக்கொண்ட வெளிச்சத்தை, முடிக்கடியில் இருந்த தோல் ஒரே மூச்சில் வாங்கி வெந்துவிட்டது.

டாக்டரம்மா பார்த்தார், அழுத்திப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

"இது நோய் இல்ல, வெறும் சூடுதான். முடி வெட்டினா முன்னாடியே சொல்லணும்னு சொன்னேனா இல்லையா?"

"நீங்க சொன்னப்ப எனக்கு முடியே இல்லையே டாக்டர்!"

நான் வெளியே வந்து சுவரில் சாய்ந்து அழுதேன். சிரித்துக்கொண்டேதான்.

4

முடிவுகள்:

அ) அவன் தேறி வந்து என் சுவருக்கு இளம்பச்சை அடிக்கிறான். (எனக்குச் சம்மதம் இல்லை.)

ஆ) மஞ்சள் அடிக்கிறான். (நீங்கள் நம்பமாட்டீர்கள்.)

இ) தோல் மறுபடியும்... [இதை எழுதமாட்டேன்.]

ஒளிப்பெட்டிக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சூடு ஆறிவிட்டது. பிடரியில் துணி சுற்றிக்கொண்டு மறுபடி உள்ளே நிற்கிறான். மின்விசிறி இரைச்சலை மீறிக் குரல் வருகிறது.

"என்னடி, கதைய முடிச்சிட்டியா?"

"முடிவு மட்டும் பாக்கிண்ணா."

"முடிச்சிடாத. நான் இன்னும் உள்ளதான நிக்கிறேன்."

அண்ணன் பேச்சைக் கேட்டு எனக்குப் பழக்கம் இல்லை. இந்த ஒரு தடவை கேட்கிறேன். மஞ்சளா, இளம்பச்சையா என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். மஞ்சள் என்றால் கொஞ்சம் சத்தமாக, பெட்டிக்குள் கேட்கிற மாதிரி.